முல்லர் என்றால் எந்த முல்லர்?

பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால், ஜெர்மனியில் இருந்த ஒரு க்ளையண்டுக்காக நானும் இன்னும் மூணு பேரும் ஒரு டேட்டாபேஸைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தோம். ஓய்வூதியம் வாங்குகிறவர்களின் விவரம். ஒரே ஆள் இரண்டு மூன்று இடத்தில் பதிவாகியிருந்தால் கண்டுபிடித்து ஒன்றாகச் சேர்க்க வேண்டும். அந்த விதியை எழுதியது நான்தான். குடும்பப் பெயர், முதல் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் நான்கும் பொருந்தினால் அது ஒரே ஆள். நம்ம ஊரில் இதை ஏற்றுக்கொள்ளவே யோசித்திருப்பேன். ஜெர்மனிதானே, எல்லாம் ஒழுங்காக இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு புகார் வந்தது. ஒரே பெரிய நகரத்தில், ஒரே நாளில், ஒரே முதல் பெயரோடு பிறந்த இரண்டு முல்லர்களை என் விதி ஒருவராக்கிவிட்டது. அதில் ஒருவர் காலமானார். மற்றவருக்கு ஓய்வூதியம் நின்றுபோனது. எண்பதை நெருங்கும் அந்த மனிதர், தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க அலுவலகம் அலுவலகமாக அலைந்திருக்கிறார். தவறு சரி செய்யப்பட்டது, பணமும் போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்த டிக்கெட்டை மூடிய பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. அன்றிலிருந்து முல்லர் என்ற பெயர் எங்கே கண்ணில் பட்டாலும் குறித்துவைக்கிற பழக்கம் வந்துவிட்டது.

அந்தக் குறிப்புகளிலிருந்துதான் இந்தக் கட்டுரை. கலைக்களஞ்சியங்களிலும் பெயரகராதிகளிலும் 'இந்தக் குடும்பப் பெயர் கொண்ட புகழ்பெற்றவர்கள்' என்று ஒரு பட்டியல் இருக்கும், பார்த்திருப்பீர்கள். பெயருக்கு ஒரு வரி அர்த்தம், அதன்கீழே அகர வரிசையில் ஆட்கள், பிறப்பு இறப்பு வருஷம், தொழில். நாம் அதை ஒரு சாதாரண அட்டவணை என்று நினைத்துத் தாண்டிப் போகிறோம். எனக்கென்னவோ அது மறைமுகமாக ஒரு கருத்தைச் சொல்கிற மாதிரியும், அந்தக் கருத்து பெரும்பாலும் தப்பு என்றும் படுகிறது. ஏன் என்று முல்லரை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் உச்சரிப்பு. ஜெர்மனில் இந்தப் பெயரில் வரும் 'யு' எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி உண்டு. உதட்டை 'உ' மாதிரி குவித்துக்கொண்டு உள்ளே 'இ' என்று சொல்ல வேண்டும். தமிழில் அதற்கு எழுத்து கிடையாது. மாக்ஸ் முல்லர் பவன் என்று எழுதிப் படித்துப் பழகிவிட்டதால் நானும் முல்லர் என்றே எழுதுகிறேன். ஜெர்மன்காரர்கள் மன்னிக்கட்டும்.

ஒரு பெயர், ஆயிரம் ஆலைகள்

முல்லர் என்றால் மாவு அரைக்கும் ஆலைக்காரர். லத்தீன் 'மோலினாரியுஸ்' என்ற சொல் பழைய ஜெர்மனில் நுழைந்து தேய்ந்து இப்படி ஆனது. இன்று ஜெர்மனியில் மிக அதிகமானவர்கள் வைத்திருக்கும் குடும்பப் பெயர் இதுதான். சுவிட்சர்லாந்திலும் இதுவே முதலிடம். வடக்கே மோலர், தெற்கே சில இடங்களில் மில்லர், படித்தவர்கள் லத்தீனில் மாற்றிக்கொண்டால் மோலிட்டர், ஹங்கேரியில் மோல்னார், பிரான்ஸில் மியூனியே. எல்லாம் ஒரே ஆலைதான்.

இவ்வளவு பேர் எப்படி வந்தார்கள்? ஒரு பெரிய முல்லர் வம்சம் கிளை விட்டதால் அல்ல. ஓடையும் வயலும் இருந்த ஊர்களிலெல்லாம் ஒரு ஆலை இருந்தது. குடும்பப் பெயர் நிலைபெற்ற காலத்தில் அந்தந்த ஊர் ஆலைக்காரருக்குத் தனித்தனியாக இதே பெயர் ஒட்டிக்கொண்டது. சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால், ஆயிரக்கணக்கான பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் தங்கள் ஃபைலுக்கு ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரே பெயர் என்பதால் ஒரே ஃபைல் என்று எண்ணினால் என்ன நடக்கும் என்று மேலே சொன்னேன்.

இன்னொன்றும் கவனிக்கணும். ஆலைக்காரர் அந்தக் காலத்தில் மதிப்பான ஆள் இல்லை. பல ஊர்களில் குடியானவர்கள் பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும் என்று கட்டாயம் இருந்தது. அளவில் கை வைக்கிறான் என்று ஆலைக்காரன் மேல் எப்போதும் சந்தேகம். சில பிரதேசங்களில் ஆலைத் தொழிலை 'கௌரவமற்ற' தொழில்களின் வரிசையில் வைத்து, ஆலைக்காரர் பிள்ளைகளைக் கைவினைச் சங்கங்களில் சேர்க்கவே மறுத்தார்கள். ஒதுக்கப்பட்ட தொழிலின் பெயர் நாட்டிலேயே பொதுவான பெயராகி, கடைசியில் எந்த அர்த்தமும் இல்லாமல் வெறும் பெயராக நிற்கிறது. இதைப் படிக்கும்போது எனக்கு நல்ல சந்தோஷமாக இருந்தது. ஒரு பெயர் இப்படி மழுங்கிப்போவது நல்லதுதானே?

பட்டியல் போடுகிறவர்கள் அந்த மழுங்கிய பெயரைத் திரும்பவும் தீட்டிக் கூராக்கப் பார்க்கிறார்கள் என்பதுதான் என் முதல் புகார். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தமே இல்லாத ஆட்களை ஒரே தலைப்பின் கீழ் நிறுத்தியதும், படிப்பவர் மனசு தானாக ஒரு குடும்ப போட்டோ எடுத்துவிடுகிறது.

மூன்று ஹெர்மன்கள், இரண்டு ஹெய்ன்ரிச்சுகள்

குடும்பப் பெயர் மட்டும் ஒன்றாக இருந்தால் பரவாயில்லை. முழுப் பெயருமே மோதுகிறது.

ஹெர்மன் முல்லர் என்று தேடினால் எனக்கு மூன்று பேர் அகப்பட்டார்கள். ஒருவர் (1829-1883) பூச்சிகள் பூக்களுக்கு மகரந்தம் கொண்டுபோகும் விதத்தை ஆராய்ந்த தாவரவியலாளர். இன்னொருவர் (1850-1927) சுவிட்சர்லாந்தின் துர்காவ் மாநிலத்துக்காரர், அவரும் தாவரவியல்தான், திராட்சை ஆராய்ச்சி. மூன்றாமவர் (1876-1931) சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர். 1919 ஜூன் 28 அன்று வெளியுறவு அமைச்சராக வெர்சாய் ஒப்பந்தத்தில் ஜெர்மனி சார்பில் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவர். பிறகு இரண்டு தடவை பிரதமர். 1930 மார்ச்சில், வேலையில்லாதோர் காப்பீட்டுக்கு யார் எவ்வளவு கட்டுவது என்ற சண்டையில் அவர் கூட்டணி உடைந்தது. அதன் பிறகு வைமார் குடியரசில் நாடாளுமன்றப் பெரும்பான்மையோடு ஆண்ட அரசு வரவே இல்லை. மூன்று வருஷத்துக்குள் ஹிட்லர் வந்தார்.

இந்தக் குழப்பம் அந்த ஊர்க்காரர்களுக்கும் இருந்திருக்கிறது. அவர்கள் கண்டுபிடித்த வழி நமக்கு ரொம்பப் பழக்கமானது. நம்ம தெருவில் இரண்டு முருகன் இருந்தால் ஒருவர் டீக்கடை முருகன், ஒருவர் வாத்தியார் முருகன். அதே கதைதான். திராட்சைக்காரர் முல்லர்-துர்காவ். பிரதமர், தன் தொகுதியான ஃபிராங்கனை வைத்து முல்லர்-ஃபிராங்கன். ஓவியமும் கவிதையும் சேர்ந்து செய்த ஃபிரெட்ரிக் முல்லர் 'ஓவிய முல்லர்'. கிரேக்க விடுதலைப் போருக்காகப் பாட்டெழுதிய வில்ஹெல்ம் முல்லர் 'கிரேக்க முல்லர்'. 1918 நவம்பர் புரட்சியில் பெர்லின் தொழிலாளர் குழுக்களுக்குத் தலைமை தாங்கிய ரிச்சர்ட் முல்லர், அரசியல் நிர்ணய சபை வேண்டுமானால் என் பிணத்தைத் தாண்டித்தான் போகணும் என்ற மாதிரி பேசிவைத்தார். சபை கூடியது, அவரும் உயிரோடுதான் இருந்தார். மிச்ச ஆயுசுக்கும் அவர் பெயர் 'பிண முல்லர்'.

ஹெய்ன்ரிச் முல்லர் விஷயத்தில் சிரிப்பு நின்றுவிடும். ஒரு ஹெய்ன்ரிச் (1820-1864) வூர்ஸ்பர்க்கில் உடற்கூறு பேராசிரியர். விழித்திரையில் நரம்புச் செல்களைத் தாங்கி நிற்கும் 'முல்லர் செல்' அவர் பெயரில் வழங்குகிறது. இன்னொரு ஹெய்ன்ரிச் 1900-ல் ம்யூனிக்கில் பிறந்த போலீஸ்காரர். 1939-லிருந்து கெஸ்டாபோவின் தலைவர், ஐக்மனுக்கு மேலதிகாரி, யூதர்களை ஒழிக்கும் திட்டத்தை ஒருங்கிணைத்த 1942 வான்ஸே கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர். எஸ்.எஸ். படையிலேயே அதே பெயரில் இன்னொரு உயர் அதிகாரி இருந்ததால் இவரை 'கெஸ்டாபோ முல்லர்' என்றார்கள். 1945 மே மாதத் தொடக்கத்தில் பெர்லினில் காணாமல் போனார். போருக்குப் பிறகு நேச நாடுகள் இவரைத் தேடியபோது, பிடிபட்டவர்களில் அதே பெயர்க்காரர்கள் பலர் இருந்ததால் காகிதங்கள் ஒன்றோடொன்று கலந்து குழம்பின. பெர்லினில் அவருடையது என்று சொல்லப்பட்ட கல்லறையை 1963-ல் தோண்டிப் பார்த்தார்கள். உள்ளே இருந்தது அவர் இல்லை.

என் பக் ஒரு நல்ல மனிதரை உயிரோடு சாகடித்தது. இங்கே அதே பக் ஒரு குற்றவாளியைத் தேடுகிற வேலையைக் கெடுத்தது. பெயர் ஒரு அடையாளச் சாவி அல்ல என்பது இந்த ஊருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். ஆனால் பட்டியல் மட்டும் இன்னமும் பெயரையே சாவியாக வைத்துக்கொண்டு நிற்கிறது.

மருத்துவமோ உயிரியலோ படித்தவர்களுக்கு இன்னொரு கண்ணி. கருவில் கருப்பையாக வளரும் 'முல்லர் நாளம்' யோஹன்னஸ் முல்லர் (1801-1858) பெயரில். இவர் செருப்புத் தைப்பவரின் மகன், ஹெல்ம்ஹோல்ட்ஸ், ஃபிர்ஹோ போன்றவர்களின் ஆசிரியர். 'முல்லர் செல்' ஹெய்ன்ரிச் பெயரில். 'முல்லர் போலிமை' பிரேசிலில் குடியேறிய ஃபிரிட்ஸ் முல்லர் (1822-1897) பெயரில். மூன்றும் மூன்று ஆள். ஃபிரிட்ஸும் மேலே சொன்ன பூச்சி-பூ ஹெர்மனும் மட்டும் சொந்த அண்ணன் தம்பி. பட்டியலில் இந்த இருவருக்கும் நடுவே, சம்பந்தமில்லாத கெர்ட், ஹெய்னர், ஹெய்ன்ரிச் எல்லாம் வரிசையாக நிற்பார்கள். நிஜமாகவே உறவு இருக்கிற இடத்தில் அகரவரிசை அதைப் பிரித்து வைக்கிறது. உறவு இல்லாதவர்களைத் தோளோடு தோள் நிறுத்துகிறது.

திராட்சைக்குக் கூட அப்பா பெயர் தப்பு

முல்லர்-துர்காவ் கதையை விட மனசில்லை. 1882-ல் அவர் கைசன்ஹைம் ஆராய்ச்சி நிலையத்தில் திராட்சைகளை ஒட்டுச் சேர்த்து ஒரு புது ரகம் உண்டாக்கினார். ரீஸ்லிங் ஒரு பக்கம், சில்வானர் இன்னொரு பக்கம் என்று எல்லோரும் நம்பினார்கள். பிற்பாடு அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். சுவிட்சர்லாந்தில் 'ரீஸ்லிங்-சில்வானர்' என்று பெற்றோர் பெயரைச் சொல்லியே விற்றார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகு டிஎன்ஏ சோதனை செய்து பார்த்தார்கள். ரீஸ்லிங் சரி. மற்றது சில்வானரே இல்லை, மாட்லேன் ராயல் என்ற வேறு ரகம். பாட்டிலில் அச்சடித்த வம்சாவளி தப்பு. இன்றைக்கும் சுவிட்சர்லாந்தில் அந்தப் பழைய பெயர் வழக்கில்தான் இருக்கிறது.

விஞ்ஞானி தன் தோட்டத்தில் தானே பார்த்துப் பார்த்துச் செய்த செடிக்கே இந்த கதி. குடும்பப் பெயரை வைத்து நாலு நூற்றாண்டுக்குப் பின்னால் போய் வம்சம் சொல்கிறவர்களை என்ன சொல்ல?

தாய்மாமன் எங்கே?

முல்லர்களில் பிரிக்க முடியாத உறவு வில்ஹெல்முக்கும் மாக்ஸுக்கும். அப்பா, மகன். நாம் அறிந்த முல்லரும் இந்த மாக்ஸ்தான். ரிக்வேதத்தைச் சாயணர் உரையோடு ஆறு தொகுதிகளாக 1849 முதல் 1874 வரை பதிப்பித்தவர். இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வராதவர். ஆனால் ஜெர்மன் படிக்கப்போன என் நண்பர்கள் பாதிப் பேர் சென்னையில் அவர் பெயர் போட்ட கட்டடத்தில்தான் படித்தார்கள்.

வில்ஹெல்ம் முல்லர் 1794-ல் தெசாவ் நகரில் ஒரு தையல்காரருக்குப் பிறந்தவர். வீட்டில் ஆலை கிடையாது. 1816 வாக்கில் பெர்லினில் ஒரு பெரிய மனிதர் வீட்டு மாலைக் கூட்டத்தில் இளைஞர்கள் விளையாட்டாக ஒரு பாட்டு நாடகம் போட்டார்கள். ஆலைக்காரர் மகளைக் காதலிக்கும் ஆலைப் பையன் வேஷம் யாருக்கு? பெயரே முல்லர் என்பதால் இவருக்கு. அந்த விளையாட்டிலிருந்து வளர்ந்த கவிதைத் தொடர்தான் 'அழகிய ஆலைக்காரி'. 1823-ல் ஷூபர்ட் அதற்கு இசையமைத்தார். பிறகு 'குளிர்காலப் பயணம்'. ஒரு தையல்காரர் மகன், வெறும் பெயர்ப் பொருத்தத்தால் ஆலைக்காரனாக நடிக்கப்போய், ஐரோப்பிய இசையின் பெரிய படைப்புகளில் ஒன்றுக்கு வித்திட்டார். குடும்பப் பெயர் ஒரு மனிதனின் வாழ்க்கையில் உண்மையிலேயே வேலை செய்த இடம் இது. அங்கேயும் அது ரத்தமாக வேலை செய்யவில்லை, சிலேடையாகத்தான் செய்தது.

1827-ல் வில்ஹெல்ம் இறந்தார். முப்பத்து மூன்று வயதுகூட நிறையவில்லை. மாக்ஸுக்கு அப்போது நாலு வயசு முடியவில்லை. வளர்த்தது அம்மா அடெல்ஹைட். அவர் பிறந்த வீட்டுப் பெயர் பாஸேடோ. அம்மாவின் தாத்தா யோஹன் பெர்ன்ஹார்ட் பாஸேடோ, 1774-ல் தெசாவில் ஒரு புது மாதிரிப் பள்ளிக்கூடம் ஆரம்பித்து ஜெர்மன் கல்விமுறையையே உலுக்கியவர். அம்மாவின் அப்பா அந்தச் சிறு அரசின் தலைமை அமைச்சர். அம்மாவின் அண்ணன் கார்ல் ஃபான் பாஸேடோ ஒரு டாக்டர். தைராய்டு கூடிக் கண் பிதுங்கும் நோயை ஜெர்மனியில் இன்றைக்கும் 'பாஸேடோ நோய்' என்கிறார்கள், அவர் பெயர்தான். நம்ம முறையில் சொன்னால் மாக்ஸ் முல்லருக்குத் தாய்மாமன்.

படிப்பும் பள்ளிக்கூடமும் அமைச்சர் வீடும் மாக்ஸுக்கு வந்த வழி இது. முல்லர் பட்டியலில் இதில் ஒரு துளியும் தெரியாது. ஏனென்றால் குடும்பப் பெயர் என்பது ஒரு குடும்பத்தின் பெயர் அல்ல, அப்பா வழியின் பெயர் மட்டும்தான். ஒரு மரத்தில் ஒரே ஒரு கிளையை விட்டுவிட்டு மீதியை வெட்டிய பிறகு, இதுதான் மரம் என்று காட்டுகிறார்கள். 1900-ல் நடைமுறைக்கு வந்த ஜெர்மன் சிவில் சட்டப்படி மனைவி கணவன் பெயரை ஏற்க வேண்டும். மனைவி பெயரையும் குடும்பப் பெயராக்கலாம் என்று 1976-ல்தான் வந்தது. ஒத்துப்போகாவிட்டால் கணவன் பெயரே என்ற விதியை 1991-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் தூக்கிப் போட்டது. முல்லராகப் பிறந்து வேறு பெயரில் சாதித்த பெண்கள் இந்தப் பட்டியலிலிருந்து விழுந்துவிடுவார்கள். கல்யாணத்தால் முல்லர் ஆனவர்கள் இடம் பிடிப்பார்கள். 'முல்லர் குடும்பம்' என்று நாம் நினைக்கிற எதுவும் அங்கே இல்லை.

இதில் கடைசித் திருப்பம் மாக்ஸே செய்தது. வேபரின் ஓபெராவில் வரும் நாயகனின் பெயரைத்தான் மாக்ஸ் என்று அவருக்கு வைத்தார்கள். முல்லர் மட்டும் போட்டால் யாருக்கும் யாரென்று தெரியாது என்று, பிற்காலத்தில் அவர் 'மாக்ஸ் முல்லர்' முழுவதையும் குடும்பப் பெயர் மாதிரி ஆக்கிக்கொண்டார். இங்கிலாந்தில் தூதரக அதிகாரியான அவர் மகன் நடுவில் ஒரு கோடு போட்டு மாக்ஸ்-முல்லர் என்றே எழுதினார். ஆக, பட்டியலின் மிகப் பிரபலமான முல்லரே அந்தப் பெயர் தனக்குப் போதாது என்று சொல்லிவிட்டார்.

இன்னொன்று. மொழிக்குடும்பம் என்பதை ரத்தக்குடும்பமாக எடுத்துக்கொள்ளும் பழக்கத்துக்கு மாக்ஸின் ஆரம்ப எழுத்தும் துணைபோனது. ஆனால் 1888-ல் அவரே, ஆரியம் என்பது மொழியைப் பற்றிய பேச்சு, மண்டை ஓட்டையும் ரத்தத்தையும் பற்றியது அல்ல என்று அழுத்தமாக மறுத்தார். அதற்குள் காலம் கடந்திருந்தது. ஒரு பொதுப் பெயரைக் கொடுத்துவிட்டால் அதன் கீழே மனிதர்கள் ரத்தத்தைத் தேடத் தொடங்கிவிடுவார்கள் என்பதை அவரளவுக்கு அனுபவித்தவர் யாரும் இல்லை.

மூன்று நோபலா, நாலா?

முல்லர்களுக்கு எத்தனை நோபல்? இரண்டு புள்ளியோடு எழுதினால் மூன்று. பால் ஹெர்மன் முல்லர், 1948, மருத்துவம். கார்ல் அலெக்ஸ் முல்லர், 1987, இயற்பியல். ஹெர்டா முல்லர், 2009, இலக்கியம். புள்ளியை எடுத்துவிட்டால் நாலு. எக்ஸ்-ரே மரபணுவைத் திடீர் மாற்றம் அடையச் செய்யும் என்று பழ ஈக்களில் காட்டிய அமெரிக்கர் ஹெர்மன் ஜோசப் முல்லர், 1946. இவர் குடும்பமும் ஜெர்மனியிலிருந்து போனதுதான், கப்பலில் புள்ளி விழுந்துவிட்டது போலிருக்கிறது. புள்ளிக்குப் பதில் ஒரு 'ஈ' சேர்த்து எழுதுகிறவர்கள் தனிப் பட்டியல். தட்டச்சில் இரண்டு புள்ளி இருக்கிறதா என்பதைப் பொறுத்து நோபல் எண்ணிக்கை மாறும் என்றால், நாம் எண்ணிக்கொண்டிருப்பது மனிதர்களை அல்ல.

எண்ணுவதோடு விட்டால்கூடப் பரவாயில்லை. அதைவிடப் பெரிய குறை, பட்டியல் எல்லோரையும் ஒரே அளவு ஒரு வரியில் தட்டையாக்குவது.

பால் முல்லரை எடுத்துக்கொள்வோம். பட்டியலில் 'சுவிஸ் வேதியியலாளர், நோபல் பரிசு' என்று இருக்கும். 1874-லேயே ஒருவர் செய்து வைத்துவிட்டு மறந்துபோன ஒரு பொருள், பூச்சியைக் கொல்லும் என்று 1939-ல் பாஸலில் கண்டுபிடித்தவர் இவர். அதுதான் டிடிடி. போர்க்கால நேப்பிள்ஸில் பேன் மூலம் பரவிய டைஃபஸை அது நிறுத்தியது. இலங்கையில் 1940களில் வருஷத்துக்கு லட்சக்கணக்கானவர்களைப் படுக்கவைத்த மலேரியா 1963-ல் பதினேழே நோயாளிகள் என்ற அளவுக்கு இறங்கியது. ஜெயித்தாச்சு என்று மருந்தடிப்பதை நிறுத்தினார்கள். 1968-69-ல் மறுபடி லட்சக்கணக்கில் வந்தது. திரும்ப அடித்தபோது கொசு பழகிவிட்டிருந்தது. 2016-ல்தான் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழ் வாங்கியது, டிடிடியை நம்பி அல்ல. இதற்கு நடுவே 1962-ல் ரேச்சல் கார்சனின் புத்தகம் வந்து, பறவைகளுக்கும் மண்ணுக்கும் டிடிடி செய்ததை உலகத்துக்குச் சொன்னது. ஒரு மனிதன், ஒரு வெள்ளைப் பொடி, காப்பாற்றிய உயிர்கள், விட்டுப்போன விஷம். இதை 'வேதியியலாளர்' என்ற ஒரு சொல்லுக்குள் எப்படி அடைப்பது?

அதே பட்டியலில் கெர்ட் முல்லர் இருக்கிறார். 62 ஆட்டங்களில் மேற்கு ஜெர்மனிக்காக 68 கோல், 1974 உலகக் கோப்பை இறுதியில் வெற்றி கோல். அவருக்குப் பக்கத்திலேயே அமைச்சராக இருந்த இன்னொரு கெர்ட் முல்லர். 2010 உலகக் கோப்பையில் அதே 13-ஆம் எண் சட்டை போட்டு ஐந்து கோல் அடித்த தாமஸ் முல்லரைப் பார்த்து உலகமே 'உறவா?' என்று கேட்டது. உறவில்லை. ஆனால் பயர்ன் கிளப்பின் இரண்டாம் அணியில் தாமஸ் வளர்ந்தபோது அங்கே உதவிப் பயிற்சியாளராக இருந்தவர் கெர்ட். அவர்களுக்கு நடுவே இருந்த உண்மையான தொடர்பு இதுதான். ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக்கொடுத்தது. பெயரைப் பார்த்த கண்ணுக்கு அது தெரியவில்லை.

ஹெர்டா

பட்டியலின் இந்தக் கோளாறை எனக்குத் தெளிவாகப் புரியவைத்தவர் ஹெர்டா முல்லர். 1953-ல் ருமேனியாவின் பனாத் பகுதியில், ஜெர்மன் பேசும் கிராமத்தில் பிறந்தவர். அப்பா போரில் எஸ்.எஸ். படையில் இருந்தவர். அம்மாவைப் போர் முடிகிற சமயத்தில் சோவியத் உழைப்பு முகாமுக்குக் கொண்டுபோய் ஐந்து வருஷம் வைத்திருந்தார்கள். ஒரே வீட்டில் இரண்டும். ஹெர்டா இரண்டையும் எழுதினார். அப்பாவுக்காக மழுப்பவும் இல்லை, அம்மாவின் துயரத்தைக் காட்டி அப்பாவின் கணக்கை நேர் செய்யவும் இல்லை. முதல் புத்தகத்திலேயே கிராமத்தின் இறுக்கத்தை எழுதியதால், சொந்தக் கூட்டையே அசிங்கப்படுத்துகிறாள் என்று சொந்த ஜனங்களே ஏசினார்கள்.

எழுபதுகளின் பிற்பகுதியில் திமிஷோராவில் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளர் வேலை. ரகசிய போலீஸ் வந்து உளவு சொல்லக் கேட்டது. மறுத்தார். முதலில் அவர் அறையை வேறு ஆளுக்குக் கொடுத்தார்கள். அவர் படிக்கட்டில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்து அகராதிகளை வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். பிறகு வேலையே போனது. நோபல் உரையில் அவர் பேசியது அந்தக் கைக்குட்டையைப் பற்றித்தான். 1987-ல் கணவர் ரிச்சர்ட் வாக்னரோடு மேற்கு ஜெர்மனிக்குப் போனார். இசையமைப்பாளர் வாக்னர் அல்ல, அதே பெயருள்ள எழுத்தாளர். பெயர்க் குழப்பம் வீட்டுக்குள்ளேயே!

பட்டியலில் அவருக்கு ஒருசில வரி மேலே நாடகாசிரியர் ஹெய்னர் முல்லர். அவர் ஸ்டாசி ஆட்களோடு பேச்சு வைத்திருந்தது 1993-ல் வெளியே வந்தது. பேசினேன், யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை என்றார். இருவருமே பெரிய எழுத்தாளர்கள், நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் உளவு போலீஸ் வந்து கதவைத் தட்டும்போது ஒரு எழுத்தாளர் என்ன செய்வார் என்ற கேள்வியில் இவர்கள் இருவரையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் எவ்வளவோ கிடைக்கும். பட்டியலும் பக்கத்தில்தான் வைத்திருக்கிறது. காரணம் மட்டும் வேறு: இரண்டு பேர் பெயரும் 'ஹெ'யில் ஆரம்பிக்கிறது. அதற்கும் சற்று மேலோ கீழோ கெஸ்டாபோ முல்லர், அவரும் 'ஹெ'தான்.

அப்படியானால் பட்டியலே வேண்டாமா?

வேண்டும். தேடுகிற ஆளுக்கு 'நீ கேட்டது இவரா, அவரா?' என்று கேட்கிற திசைகாட்டிப் பலகையாக அது நல்ல பொருள். டைரக்டரி என்றால் நான் எதிர்க்கவே இல்லை. 'இந்தக் குடும்பம் உலகத்துக்குத் தந்த மாமனிதர்கள்' என்ற தொனியில், பெயரின் அர்த்தமும் கேடயச் சின்னமும் போட்டுப் பெருமையாக விற்கப்படும்போதுதான் பிரச்சினை. பெருமையை எடுத்துக்கொள்கிறவர்கள் கெஸ்டாபோவையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். அது அநியாயம் என்று தோன்றினால் ஷூபர்ட்டின் கவிஞரை எடுத்துக்கொள்வதும் அதே அளவு அநியாயம்தான்.

என்னைக் கேட்டால், ஒவ்வொரு பெயருக்கும் மூன்று விஷயம் சேர்த்தால் போதும்: அம்மா பிறந்த வீட்டுப் பெயர், ஊர், இந்தப் பட்டியலிலேயே நிஜமான உறவோ தொடர்போ யாரோடு. பாதிப் பெருமை கரைந்துவிடும், தகவல் இரட்டிப்பாகும்.

குடும்பப் பெயரே இல்லாதவன் நீ, உனக்கு ஏன் இந்தக் கவலை என்று கேட்கலாம். 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து எடுக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. என் தாத்தா தலைமுறையில் எங்கள் வீட்டிலும் அது உதிர்ந்தது. எனக்கு இருப்பது இனிஷியல் மட்டும். பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' என்ற கட்டத்தில் எதையாவது போட்டாக வேண்டுமே என்று அப்பா பெயரைப் போட்டேன். ஜெர்மனியில் அந்த க்ளையண்ட் அலுவலகத்தில் எல்லோரும் என்னை 'ஹெர்' சேர்த்து அப்பா பெயரால்தான் கூப்பிட்டார்கள். அப்பா போய் அப்போது இரண்டு வருஷம். முதல் சில நாள், யாராவது அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஒரு நொடி ஆகும். அவர் எனக்குப் பின்னால் நிற்கிற மாதிரி இருக்கும்.

அதனால் பெயருக்கு ஒன்றுமே அர்த்தமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்த அர்த்தம் அப்பாவைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் உண்டு. தெரியாத நாலு பேர் பெயரோடு அதை வரிசையில் வைத்தால் அங்கே ஒன்றும் மிஞ்சாது.

பக்கை எப்படிச் சரி செய்தோம் என்று சில பேர் கேட்கக்கூடும். பெயரை வைத்து ஒன்று சேர்ப்பதை முழுசாக நிறுத்தினோம். பொருந்துகிற மாதிரி இருந்தால் சிஸ்டம் இரண்டு ரெகார்டையும் ஒரு மனிதர் மேஜைக்கு அனுப்பும். அவர் இரண்டு வீட்டுக்கும் போன் பண்ணிக் கேட்பார். நேரம் அதிகம் ஆகிறது என்று புகார் வந்தது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.